பழைய விண்டோஸ் 7 கணினி புது ரூட்டரில் சேர மறுத்தால்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தாயிற்று, புது ரூட்டரும் மாட்டியாயிற்று. கைபேசிகளும் டிவியும் உடனே சேர்ந்துகொண்டன. 2010, 2012 வாக்கில் வாங்கிய விண்டோஸ் 7 மடிக்கணினி மட்டும் நெட் இல்லாமல் கிடக்கிறது. "மெஷின் பழசு சார், மாத்திடுங்க" என்று மாட்ட வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். பெரும்பாலும் மாற்ற வேண்டியதே இல்லை. பழைய இணைப்புக்குப் போட்ட செட்டிங் அந்தக் கணினிக்குள் இன்னும் அப்படியே இருக்கலாம். இல்லையென்றால் புது ரூட்டரின் வைஃபை முறை அதன் கார்டுக்குப் புரியாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு லேன் கேபிள் போதும்.

கேபிளில் தொடங்குங்கள்

மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ரூட்டரில் லேன் 1 என்றோ லேன் 2 என்றோ எழுதிய துளையிலிருந்து நேராகக் கேபிள் போடுங்கள். வேன் (WAN) என்று எழுதிய துளை வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உரியது. அதில் சொருகினால் கணினிக்கு முகவரி கிடைக்காது.

இரண்டு முனையிலும் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் முதல் சந்தேகம் கேபிள் மீதுதான். கிளிப் உடைந்த கேபிள் பார்க்கப் பொருந்தியிருப்பது போலவே இருக்கும், உள்ளே அரை மில்லிமீட்டர் விலகியிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் பழைய கணினியில் ஓடிய நான்கு கம்பிக் கேபிள் புதுக் கணினியில் தடுமாறலாம். கேபிளைச் சோதிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் நெட் ஊர்கிறது, அடிக்கடி அறுபடுகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். யாரோ ஒருகாலத்தில் '100 ஃபுல்' என்று நிலையாக வைத்திருந்தால் ரூட்டர் அதோடு பேசி முடிவெடுக்க முடியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறைக்கு, இறங்கிவிடும். இரு பக்கமும் மோதிக்கொண்டே இருக்கும். அதை 'ஆட்டோ' ஆக்குங்கள்.

முகவரியைப் படியுங்கள்

கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், அதில் 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்', அங்கே லோக்கல் ஏரியா கனெக்‌ஷனை இருமுறை கிளிக் செய்து 'டீட்டெயில்ஸ்' அழுத்துங்கள். ஐபிவி4 முகவரியும் டிஃபால்ட் கேட்வேயும் (அதாவது ரூட்டரின் முகவரியும்) அங்கே தெரியும். பிரச்சினையின் பாதி விடை இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

முகவரி 192.168.1.5 போலவும் கேட்வே 192.168.1.1 போலவும் இருந்தால் கணினி ரூட்டரோடு சரியாகப் பேசுகிறது. சில ரூட்டர்களில் இது 192.168.0.1 ஆக இருக்கும், ஜியோஃபைபரில் 192.168.29.1. உலாவியும் திறந்தால் கோளாறு வைஃபையில் மட்டுமே, நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள்.

169.254 என்று தொடங்கினால் அது ரூட்டர் கொடுத்த முகவரியே அல்ல. 'முகவரி கொடு' என்று கேட்டுப் பதில் வராததால் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்டது. கேபிள் சரியாக இருந்தும் இது வந்தால், காலாவதியான ஆன்டிவைரஸின் ஃபயர்வால் குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். அந்த மென்பொருளை அணைத்தால் போதாது. அது லேன் கார்டின் ப்ராப்பர்டீஸ் பட்டியலில் தன் பெயரில் ஒரு வடிகட்டியை விட்டுவைத்திருக்கும். அந்த டிக்கை எடுங்கள், பிறகு முழுதாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ரூட்டரில் மேக் ஃபில்டர் (கார்டின் அடையாள எண்ணைப் பார்த்துத் தடுக்கும் பட்டியல்) போட்டிருந்தாலும் இதே அறிகுறி வரலாம்.

மூன்றாவது நிலைதான் நம் ஊரில் அதிகம். தெருவில் கேபிள் நெட் கொடுத்தவர் 10 என்றோ 172 என்றோ தொடங்கும் முகவரியைக் கையால் தட்டிவிட்டுப் போயிருப்பார். இணைப்பு மாறியும் அது அங்கேயே இருக்கும். ப்ராப்பர்டீஸ், டிசிபி ஐபி வெர்ஷன் 4 என்று போய் முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்கலி' ஆக்குங்கள். முகவரியை மட்டும் மாற்றிவிட்டு டிஎன்எஸ்ஸை மறந்துவிடுவது வழக்கமான தவறு. கமாண்ட் பிராம்ப்டில் பிங் 8.8.8.8 என்று அடித்தால் பதில் வருகிறது, இணையதளப் பெயரை அடித்தால் வரவில்லை என்றால் டிஎன்எஸ் இன்னும் பழையதுதான்.

தொலைபேசிக் கம்பியில் நெட் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' ஐகானை அழுத்தி டயல் செய்து பழகியவர்களுக்கு, இப்போது அதை அழுத்தினால் 651 என்ற பிழை வரும். அந்த டயல் வேலையை இப்போது ரூட்டரே செய்கிறது. ஐகானை நீக்கிவிட்டு, இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் கனெக்‌ஷன்ஸ் பகுதியில் 'நெவர் டயல்' தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் லேன் செட்டிங்ஸில் பழைய ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) ஏதாவது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

வைஃபை

கேபிளில் ஓடும் அதே மடிக்கணினியில் கேட்வே முகவரியை உலாவியில் அடித்தால் ரூட்டரின் பக்கம் திறக்கும். செட்டிங்கைத் தொடும் முன் அறிகுறியைப் பாருங்கள். வைஃபை பெயரே தெரியவில்லை என்பது ஒரு கோளாறு. பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்பது வேறு கோளாறு.

பெயர் தெரியாததற்கு முதல் காரணம் அலைவரிசை. அந்தக் கால கார்டுகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பார்க்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றின் கண்ணுக்கே படாது. ஸ்மார்ட் கனெக்ட் என்று இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்தால் பிரித்து, 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். இமோஜி, தமிழ் எழுத்து வேண்டாம், பழைய டிரைவர்கள் திணறும்.

இரண்டாவது, வைஃபை 6 என்ற புது முறை, ரூட்டரில் 'ஏஎக்ஸ்' (ax) என்று இருக்கும். பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் கார்டுகள் இந்த முறையில் இயங்கும் ரூட்டரின் பெயரைப் பட்டியலில் காட்டவே காட்டாது. 2.4 பகுதியில் மோடை 'ஏஎக்ஸ்' இலிருந்து 'பி/ஜி/என்' ஆக மாற்றுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். ஆட்டோ 12, 13-க்குப் போனால், அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினிக்கு அது தெரியாமல் போகலாம், அங்கே விற்கும் கார்டுகள் பொதுவாக 11 வரைதான் பார்க்கும்.

பெயர் தெரிந்தும் சேரவில்லையா? பழைய ரூட்டரின் பெயரையே புதியதற்கும் வைத்திருந்தால், கணினி சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டோடு மோதிக்கொண்டிருக்கும். 'மேனேஜ் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ்' பட்டியலில் அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். பாஸ்வேர்டைக் காக்கும் புது முறையான டபிள்யுபிஏ3 (WPA3) மட்டும் என்று இருந்தால் விண்டோஸ் 7 சேராது. 2-ம் 3-ம் கலந்த முறையிலும் சில பழைய டிரைவர்கள் தடுக்கி விழும். 'டபிள்யுபிஏ2 பிஎஸ்கே, ஏஇஎஸ்' என்று வைத்து, பிஎம்எஃப் (PMF) என்ற வரியை அணையுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பு. சேரவில்லை என்ற எரிச்சலில் பழைய, பலவீனமான வெப் (WEP) முறைக்கோ டிகேஐபி (TKIP) முறைக்கோ இறங்காதீர்கள். வெப் பாஸ்வேர்டைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். இரண்டிலுமே வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. ஒரு கணினிக்காக வீட்டின் பூட்டையே தளர்த்த வேண்டியதில்லை. ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் 2.4-இல் டபிள்யுபிஏ2-ஓடு அதைத் திறந்து, பழைய கணினியை மட்டும் அங்கே விடுங்கள். அங்கிருந்து வீட்டுப் பிரிண்டர் தெரியாது என்பது மட்டும் குறை. விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-இல் நின்றுவிட்டதால், அது தனியே இருப்பது மற்ற சாதனங்களுக்கும் நல்லது. வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்க வேண்டாம்.

சேர்ந்துவிட்டு அடிக்கடி அறுந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டு, டீட்டெயில்ஸ், 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்று போனால் வென் (VEN) என்பதை அடுத்து நான்கு எழுத்து இருக்கும். 8086 என்றால் இன்டெல், 10EC ரியல்டெக், 168C ஏத்தெரோஸ், 14E4 பிராட்காம். கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து இறக்கி நிறுவுங்கள்.

சேர்ந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால்

கடிகாரத்தைப் பாருங்கள். தேதி 2009 என்று காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது, எந்தத் தளமும் எச்சரிக்கை காட்டும். ரூட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்காவிட்டால், மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான வேர்ச் சான்றிதழ் பழையதாக இருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசச் சான்றிதழ் வாங்கிய தளங்கள் நம்பியிருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. அப்டேட்டை நிறுத்தி வைத்த கணினிகளில் புதியது இருக்காது. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் போடுங்கள், அது தன் சான்றிதழ்களைத் தானே வைத்திருக்கிறது. குரோமில் விண்டோஸ் 7-க்கு 109-தான் கடைசி.

உள்ளிருக்கும் வைஃபை கார்டே செத்திருந்தால் யுஎஸ்பி வைஃபை வாங்கலாம், ஆனால் பெட்டியில் விண்டோஸ் 7 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது வருபவற்றில் பல 10, 11-க்கு மட்டுமே. அதைவிட நல்ல வழி, பரணில் கிடக்கும் பழைய ரூட்டர். அதில் 'கிளையண்ட் மோட்' இருந்தால் புது ரூட்டரின் 2.4 வைஃபையில் அதைச் சேர்த்து, அதன் லேன் துளையிலிருந்து கணினிக்குக் கேபிள் போடுங்கள். கணினியில் வைஃபை டிரைவரே தேவைப்படாது.