பொதுவாழ்வில் நல்லவர்களின் பெயர் கெடும் இடங்கள்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் குகை, அன்னதானப்பட்டி, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று பக்கத்துக்குப் பக்கம் விழாக் குழு கூடிவிடும். ஊரில் பெயரெடுக்க நினைக்கும் இளைஞர் பலருக்கும் பொதுவாழ்வின் முதல் படி அதுதான். அடுத்தது குடியிருப்போர் சங்கம், அதற்கடுத்தது மாநகராட்சியின் 60 வார்டுகளில் ஒன்று என்று ஆசை வளரும். வசூல் பணத்தைச் சுருட்டக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேர்மையான ஆட்களே வருடா வருடம் போய் விழும் குழிகளைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

கணக்கைத் தள்ளிப்போடுவது

ஆடித் திருவிழாவின் அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கை முடிந்திருக்கும். பந்தல்காரருக்குப் பாக்கி இருக்கும், மைக்செட் பில் வந்திருக்காது, கடைக்காரர் சிலர் சொன்ன நன்கொடையும் வந்திருக்காது. எல்லாம் வந்து சேரட்டும், ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று செயலாளர் காத்திருப்பார். தீபாவளி வந்துவிடும். அதற்குள் டீக்கடைப் பேச்சில் ஒரு தொகை முளைத்து, வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போகும். கைக்காசு போட்டு விழாவை ஒப்பேற்றிய மனிதரைப் பார்த்தே “அடிச்சுட்டான்” என்பார்கள். பிறகு அவர் எவ்வளவு சரியான கணக்கைக் காட்டினாலும் “உட்கார்ந்து எழுதினது” என்றுதான் பேச்சு வரும். ஒரு மாலை வேலையில் தடுத்திருக்கக்கூடிய அவப்பெயர் இது என்பதால்தான் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தடுக்கும் வேலை வசூலுக்கு முன்பே தொடங்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண்ணும் அடிக்கட்டையும் கட்டாயம். எந்த எண் முதல் எந்த எண் வரை யார் கையில் போனது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வரும்போது எழுதாத தாள்களையும் எண்ணி வாங்குங்கள். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடக் கூடாது; குறுக்கே “ரத்து” என்று எழுதி அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் அடிக்க வேண்டும்.

ரசீதில் “மளிகைக் கடை, 500” என்று மட்டும் கிறுக்கிவிட்டு வருகிறார்கள். தேதி இல்லை, வாங்கியவர் கையெழுத்து இல்லை. “ரூபாய் ஐநூறு மட்டும்” என்று எழுத்தால் எழுதாத 500-க்கு முன்னால் ஒரு 1 போட எவ்வளவு நேரம் ஆகும்?

அதைவிட மோசம், பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வசூலிப்பது. வீட்டுப் பாலுக்கும் சாமி காசுக்கும் ஒரே ஸ்டேட்மென்ட் என்றால், அதை யாரிடமும் காட்ட முடியாது. குழுவின் பெயரிலேயே கணக்கு தொடங்கி, மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். க்யூஆர் அட்டையும் அந்தக் கணக்குக்கே இருக்கட்டும். அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டை, எண்ணெய் டின் ஆகியவற்றுக்கும் பதிவு வேண்டும். வசூலுக்குப் போகிறவரே கணக்கும் எழுதக் கூடாது.

விழா முடிந்த 15-ஆம் நாள் கணக்கை மூடிவிடுங்கள். அன்றுவரை வராத பணத்தை “வர வேண்டியது” என்றும், தராத பணத்தைக் “கொடுக்க வேண்டியது” என்றும் எழுதினால் போதும். குழுவில் இல்லாத ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட தாள் கோயில் வாசலில் தொங்க வேண்டும். கையிருப்பு எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்பது கடைசி வரி.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் ஊராட்சிக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாளும் குறித்தாயிற்று. அங்கே நடக்கும் தவறு வேறு: மொத்தத் தொகையை மடமடவென்று படித்து முடித்துவிடுகிறார்கள். எந்தத் தெருவிளக்கு, எந்தக் குழாய் என்று இடம் சொல்லிப் படித்தால் கேட்பவர் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வார். அவர் பத்துப் பேரிடம் சொல்வதுதான் தலைவருக்குப் பெயர்.

வசூல் பணத்தில் பொன்னாடை

1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடுதான் கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றியது. வெள்ளைக்காரன் கொடுத்த சர், ராவ் பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. அந்தக் காலத்தில் அந்தப் பட்டம் எவ்வளவு பெரிய மரியாதை என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஊரில் வசூல் பணத்தில் பொன்னாடை வாங்கிக் குழுவினர் தங்களுக்குள்ளேயே போர்த்திக்கொள்வது சகிக்கவில்லை.

அழைப்பிதழில் பெயர் வரிசை

அகர வரிசை. விதிவிலக்கு கிடையாது.

அனுமதி வாங்காத ஃபிளெக்ஸ்

வைக்காதீர்கள்.

பழிச்சொல்லுக்கு வாட்ஸ்அப்பில் சண்டை

நடுராத்திரி வாய்ஸ் மெசேஜ் எந்தப் பழியையும் துடைத்ததில்லை. கோபத்தில் எதிராளியைத் திருடன் என்று சொல்லிவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி அவதூறு வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். 2 ஆண்டுவரை தண்டனைக்கு இடமுண்டு.

பழியை முறையான இடத்தில்தான் துடைக்க வேண்டும். 1882 சேலம் கலவர வழக்கில் இந்த ஊர் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியாருக்குத் தண்டனை விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்து சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். 1920-இல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

உங்கள் மேல் புகார் வந்தால் 3 நாளுக்குள் ரசீது, பில் நகல்களோடு ஒரு பக்கப் பதிலைக் கணக்குத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். கணக்கிலேயே பிழை இருந்தால் பழைய தாளைக் கிழிக்காமல், திருத்திய தாளை அதன் பக்கத்தில் தேதி போட்டு ஒட்டுங்கள். எந்த வரி மாறியது என்று சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டுங்கள்.