பட்டாம்பூச்சிக்கு எருக்கு வைக்கும்போது நடக்கும் தவறுகள்

பட்டாம்பூச்சிக்கு என்ன செடி வைக்கலாம் என்று இணையத்தில் தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் அமெரிக்கக் குறிப்புகள்தான். மொனார்க் பட்டாம்பூச்சி, அதற்கு மில்க்வீட் செடி, விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று போகும். பனி கொட்டும் ஊர்ச் செடிக்கு அது சரி. நம் ஊரில் மொனார்க் கிடையாது. அதன் உறவான வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி இருக்கிறது. அது முட்டையிடும் எருக்கு, யாரும் தண்ணீர் ஊற்றாமலே சாலையோரத்தில் நிற்கிறது. முற்றிய காயின் பஞ்சு விதையை அப்படியே மண்ணில் போட்டால் முளைத்துவிடும்.

வளர்ந்த எருக்கைத் தோண்டிவந்து நடுவது வீண் வேலை. ஆணிவேர் ஆழமாகப் போகும், அறுந்தால் பிழைப்பது சிரமம். குச்சியை வெட்டி, பால் வடிந்து காயவிட்டு நடலாம். நல்ல வெயில் வேண்டும். ரோஜாவுக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். வெள்ளெருக்கு மட்டும்தான் வீட்டுக்கு ஆகும் என்பவர்களும் உண்டு. பட்டாம்பூச்சிக்கு அந்தப் பேதம் இல்லை.

நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் சின்னச் செடியை ‘பட்டாம்பூச்சிச் செடி’ என்று தருவார்கள். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மில்க்வீட். வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும். ஆனால் நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருந்தால், அந்த இலையைத் தின்னும் புழு செத்துப்போகும். வாங்கியதும் வெளியே வைக்காமல், புது இலை நன்றாக வரும்வரை வலைபோட்டு மூடி வையுங்கள். ஒரே செடியோடு நிறுத்தவும் வேண்டாம். நான்கைந்து புழுக்கள் சேர்ந்தால் அதை மொட்டையாக்கிவிடும். எருக்குக்கு இலை பெரிது, தாங்கும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது புழு வந்த பிறகுதான். செடியைப் பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டு, இலையில் ஓட்டை விழுந்ததும் வேப்பெண்ணெய் பாட்டிலைத் தேடுகிறார்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு முதுகில் மூன்று ஜோடி கருங்கொம்பு இருந்தால் அது வெந்தய வரியன் புழு. அது தின்னத்தான் செடியே வைத்தோம். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாகச் சுமார் மூன்று வாரம் ஆகும், அதுவரை இலை அலங்கோலமாகத்தான் இருக்கும்.

அதே செடியின் குருத்தில் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான மஞ்சள் அசுவினி அப்பிக்கொள்ளும். அதற்கென்று அடிக்கும் மருந்து புழுவையும் விடாது, வேப்பெண்ணெயும் அப்படித்தான். முட்டை இல்லாத குருத்தாகப் பார்த்து தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். மஞ்சளும் நீலமுமாக வரிபோட்ட வெட்டுக்கிளியும் எருக்கைத் தேடி வரும். அளவுக்கு மீறினால் கையால் எடுத்து வெளியே விட்டால் போதும்.

செடி உயரமானதும் ஒரேயடியாக மொட்டையடிப்பது இன்னொரு தவறு. முட்டை இலைக்கு அடியில்தான் பெரும்பாலும் இருக்கும், கூட்டுப்புழுவும் தழைக்குள் தொங்கும். இலையைப் புரட்டிப் பார்த்து, ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டுங்கள். அது துளிர்த்ததும் மறுபக்கம். பிள்ளையார் சதுர்த்திக்குப் பூவைப் பறித்தால் புழுவுக்கு நட்டமில்லை. ஆனால் எல்லாப் பூவையும் பறித்தால் கருவண்டு ஏமாந்து போகும்.

அந்தக் கருவண்டுதான், அதாவது தச்சுத் தேனீ, எருக்கில் மகரந்தச் சேர்க்கை செய்யும் முக்கிய ஆள். எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது, சிறு பொதியாக வண்டின் உடம்பில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். சிறு தேனீக்கு அதைப் பூவிலிருந்து இழுத்தெடுக்கத் தெம்பு போதாது. ஆகவே வண்டு துளைத்த காய்ந்த மூங்கிலையும் மரக்கட்டையையும் குப்பை என்று எரித்துவிடாதீர்கள். அதன் கூடே அதற்குள்தான்.

வளர்ந்த பட்டாம்பூச்சிக்குத் தேனும் வேண்டும். வெட்டுக்காயப் பூண்டு பூத்தால் களையாக எண்ணிப் பிடுங்காமல் விடலாம். தேள்கொடுக்குச் செடி இருந்தால் இன்னும் நல்லது. வரியன்களில் ஆண்கள் அதன் காய்ந்த தண்டைக்கூடத் தேடிவந்து உறிஞ்சும். இனச்சேர்க்கைக்கான மணத்தை அந்தச் சாற்றிலிருந்துதான் தயாரிக்கின்றன.

கடைசியாக, எருக்கம்பால். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் பட்டால் சிலருக்கு முதலில் வலியே தெரியாது, பார்வை மட்டும் மங்கும். உடனே தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெட்டும்போது கையுறை போடுங்கள், குழந்தைகள் விளையாடும் பக்கம் நடாதீர்கள்.