மைட்ரல் வால்வு கசிவு: அறுவை சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழர்களாகட்டும், ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரின் ஜெயதேவா இதய மருத்துவமனைக்கு வருபவர்களாகட்டும், எக்கோ அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தேடுவது இ.எஃப். என்ற எண்ணைத்தான்; ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. அது 60 என்றிருந்தால், "பம்பிங் நல்லாத்தான் இருக்கு, மூச்சு வாங்கினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று அறிக்கையைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். மைட்ரல் கசிவில், அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு சரியாக மூடாத நிலையில், இதைவிடப் பெரிய தவறு இல்லை. இடது கீழறை சுருங்கும்போது ஒரு பங்கு ரத்தம் அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்பிவிடுகிறது. அந்தப் பங்கும் இ.எஃப். கணக்கில் சேர்வதால், தளரத் தொடங்கிவிட்ட தசைகூட எண்ணளவில் திடமாகத் தெரியும். ஆகவேதான், வால்வின் சொந்தக் கோளாறால் கசிவு கடுமையாகி, இ.எஃப். 60 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கினாலும், சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரைத் தொட்டாலும், மூச்சிரைப்பே இல்லாதவருக்கும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

வால்வைச் சரிசெய்வதும் மாற்றுவதும் ஒன்றுதான் என்று நினைப்பது அடுத்த தவறு. உலோக வால்வு பொருத்தினால் வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் உண்டு, விலங்குத் திசுவால் ஆன வால்வு இளையவர்களிடம் விரைவில் பழுதாகும். அதனால் இயன்றவரை சொந்த வால்வைச் சீரமைப்பதே மேல். பிரான்சின் இதய அறுவை நிபுணர் அலென் கார்பான்டியே 1983இல் முறைப்படுத்தி விளக்கிய நுட்பங்களே சீரமைப்புக்கு இன்றும் அடித்தளம்: வால்வின் பின்னிதழில் புடைத்த பகுதியை வெட்டித் தைப்பது, விரிந்த வால்வு வாயைச் சுற்றி வளையம் பொருத்துவது. இதழ்களை இழுத்துப் பிடிக்கும் நாண் அறுந்திருந்தால், அதற்குப் பதிலாகக் கோர்-டெக்ஸ் என்ற செயற்கை நூல் கட்டும் முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. நூலின் நீளம் பிசகினால் கசிவு நீடிக்கும். வளையம் சிறிதானால் வால்வு குறுகும், அல்லது முன்னிதழ் ரத்தம் வெளியேறும் பாதையை மறிக்கும். நிறுத்திய இதயத்தில் உப்புநீர் நிரப்பிப் பார்ப்பது முதற்கட்டச் சோதனை மட்டுமே. இதயம் மீண்டும் துடித்தபின் உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்து, கணிசமான கசிவு எஞ்சியிருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். ஆகவே, தழும்பு எவ்வளவு சிறியது என்று கேட்பதற்கு முன், இந்த எக்கோ செய்யப்படுமா, அறுவை நிபுணர் ஆண்டுக்கு எத்தனை வால்வுகளைச் சீரமைக்கிறார் என்று கேளுங்கள்.

எல்லா வால்வையும் சீரமைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ருமாட்டிக் காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய இதழ்களில் மாற்றுவதே பல வேளைகளில் சரியான முடிவு. ருமாட்டிக் நோயாளிகள் சிகிச்சைக்குப் பின்னும், அந்தக் காய்ச்சல் மீண்டும் வராமல் தடுக்கும் பென்சிலின் ஊசியைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வளையம் பொருத்தப்பட்டவர் பல் பிடுங்கச் செல்லும்போது அதை முன்கூட்டியே பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கிருமி வால்வைத் தொற்றாமலிருக்க ஆன்டிபயாட்டிக் முதலில், பிடுங்குவது பிறகு.