தலை ஸ்கேனில் பாதி வேலை உங்களுடையது: ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.க்குத் தயாராவது எப்படி

வேலூரில் மூளை ஆபரேஷன் தொடர்பான ஆராய்ச்சி செய்கிற ஒரு குழுவில் வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஸ்கேனுக்கு முன்னால் நோயாளியோடு உட்கார்ந்து உள்ளே போய் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும், அப்புறம் அந்தப் படங்களைக் கணினியில் சரிபார்ப்பதும்தான் என் வேலை. காட்பாடியில் ரயில் இறங்கி நேராக வருகிறவர்கள், குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டுவிட்டு வரலாமா?" என்பதுதான். மயக்கமருந்து இல்லையென்றால் பெரும்பாலும் சாப்பிடலாம், சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே நான் என்ன செய்ய வேண்டும்? இந்தப் பதிவு அதற்காகத்தான்.

சாதாரண எம்.ஆர்.ஐ.யில் நீங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும். ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. அப்படி இல்லை. பேச்சுக்கோ கை அசைவுக்கோ பக்கத்தில் கட்டி இருக்கிறது, ஆபரேஷனில் எதுவரை போகலாம் என்று தெரிய வேண்டும் என்றால்தான் இதை எழுதுவார்கள். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தத்துக்கும் இல்லாத ரத்தத்துக்கும் காந்தத் தன்மையில் வித்தியாசம் உண்டு. அதைப் படமாக்க முடியும் என்று 1990ல் செய்ஜி ஓகாவாவும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். நீங்கள் விரலை அசைத்தால் அசைவுக்கான இடம் படத்தில் தெரியும், மனசுக்குள் சொற்களைத் தேடினால் மொழிக்கான இடம் தெரியும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் ஒன்றும் தெரியாது. இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

மொழிக்கான பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. திரையிலோ காதில் மாட்டுகிற கருவியிலோ ஒரு எழுத்து வரும், 'க' என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி, கடை, கதவு, கம்பளி, கரும்பு என்று அடுத்தடுத்து நினைத்துக்கொண்டே போக வேண்டும், ஆனால் வாயைத் திறந்து சொல்லக் கூடாது, தாடை அசைந்தால் தலையும் அசையும். பொதுவாக அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு என்று மாறி மாறி நாலைந்து தடவை ஓடும். இங்கே பலர், முக்கியமாகப் படித்த பிள்ளைகள், நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்வார்கள்: ஓய்வு நேரத்திலும் விடாமல் சொற்களைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் செய்தால் படம் போச்சு. வேலை நேரத்துப் படத்திலிருந்து ஓய்வு நேரத்துப் படத்தைக் கழித்துத்தான் மூளையில் வேலை நடந்த இடத்தைக் காட்டுகிற வண்ணப் புள்ளிகள் வருகின்றன, இரண்டிலும் ஒரே வேலை நடந்தால் கழித்த பிறகு மிச்சம் எதுவும் இருக்காது. ஓய்வு என்றால் நடுவில் தெரிகிற கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். உங்கள் மூளை வேலையைத் தொடங்கி ஐந்தாறு விநாடி கழித்துத்தான் ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரும், அதனால் "இப்போ" என்று வந்தவுடன் தொடங்கி, "நிறுத்து" என்று வருகிறவரை விடாமல் செய்வது முக்கியம்.

நீங்கள் மனசுக்குள் செய்ததை வெளியே இருக்கிற எங்களால் பார்க்க முடியாது. தூங்கிவிட்டீர்களா, பயத்தில் எல்லாம் மறந்துவிட்டதா, உங்களுக்குத்தான் தெரியும். முடிந்ததும் "சரியாகச் செய்தீர்களா?" என்று கேட்பார்கள். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள். தயவுசெய்து கூச்சப்பட வேண்டாம். திரும்ப எடுக்க ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து கொடுக்க மாட்டோம், காய்கறிப் பெயர்கள், மாட்டுத் தொழுவத்தில் இருப்பவை, சந்தையில் விற்பவை என்று கேட்போம். அப்புறம் இன்னொன்று. நம்ம பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று இருக்கிற குடும்பங்கள் எவ்வளவு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்கள் எவ்வளவு! ஆஸ்பத்திரியில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லிவிடுவோம், அதனால் யாருக்கும் இது தோன்றாது. காசு எண்ணுவது எந்த மொழியில், கோபம் வந்தால் திட்டுவது எந்த மொழியில், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு மொழியிலும் சோதிக்க வேண்டியிருந்தால் சோதிப்பார்கள்.

கைக்கான பயிற்சி சுலபம். கட்டைவிரலால் மற்ற நாலு விரலையும் வரிசையாகத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், முழங்கை, தோள் எதுவும் அசையாமல். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, முப்பது வருஷம் பீடி சுற்றியவர், வலது கையில் பலம் குறைந்துகொண்டே வருகிறது, என்னால் முடியாது என்று அழுதார். இலையைப் பிடித்துச் சுருட்டுகிற மாதிரி நினைத்துக்கொண்டு செய்யுங்கள் என்றேன். விரல்கள் மெதுவாகத்தான் போயின, ஆனால் ஒரே சீராகப் போயின. அவருடைய படம் அவ்வளவு தெளிவாக வந்தது.

இனி அசையாமல் இருப்பது. தலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தப் பகுதிப் படம் வீணாகலாம். ஒரு வாரம் முன்பே வீட்டில் பழகுங்கள். தரையில் பாய் போட்டு, தலைக்கு இரு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் படுங்கள், நாணயம் விழுந்தால் நீங்கள் அசைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். குழாய்க்குள் போக பயம் என்றால் அதே பயிற்சியைக் கட்டிலுக்கு அடியில் செய்யுங்கள், எம்.ஆர்.ஐ. சத்தத்தை யூடியூபில் தேடி மொபைலில் ஓடவிடுங்கள். உண்மையான சத்தம் அதைவிடப் பெரிது, காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், முடியவில்லை என்றால் அதை அழுத்துங்கள், உடனே வெளியே எடுப்பார்கள். இருமல், எச்சில் விழுங்குவது எல்லாம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. 3 டெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு, ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். புடவையில் குத்திய ஊக்கு, ஹேர்பின், மெட்டி, மூக்குத்தி, அரைஞாணில் கட்டிய தாயத்து, எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அது போதும், ஸ்கேனுக்கு எந்தத் தடையும் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, முன்பு மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இருந்தால் அந்த ஆபரேஷன் சீட்டோடு வந்து முதலிலேயே சொல்லுங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ லேத் பட்டறையிலோ கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்திருந்தால், பத்து வருஷம் முன்பாக இருந்தாலும், கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் மிச்சம் இருக்கிற சின்னத் துகள் காந்தத்தில் நகர்ந்து பார்வையைக் கெடுக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

வலிப்பு மாத்திரையை ஸ்கேன் என்பதற்காக நிறுத்தாதீர்கள். காபி, டீ மூளைக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், குடித்திருந்தால் சொல்லுங்கள். அதே நாளில் இ.இ.ஜி.யும் (தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற சோதனை) இருந்தால் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள்.

பழைய ஸ்கேன்களைக் கொண்டுவருவது பற்றி. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, டிஸ்க்கும் வேண்டும், ஃபிலிமை மொபைலில் படம் பிடித்து அனுப்பினால் பாதி விவரம் போய்விடும். ஃபிலிமை மடிக்காதீர்கள், பஸ்ஸில் ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். பழைய படத்தோடு ஒப்பிடுவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. வலிப்போடு வந்தவரின் சி.டி. ஸ்கேனில் ஒற்றையாக ஒரு சின்ன வளையம் தெரிந்தால் அது காசநோய்க் கட்டியா, நாடாப்புழு முட்டையால் வந்த சின்னக் கட்டியா என்ற குழப்பம் நம் நாட்டில் நெடுநாள் இருந்தது. வேலூர் சி.எம்.சி.யின் நரம்பியல் அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகரும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் இதற்கு அடையாளங்களை வகுத்தார்கள்: அளவு 20 மில்லிமீட்டருக்குள், தலைக்குள் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி இல்லை, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை, உடம்பில் வேறு தீவிர நோய் இல்லை என்று. இவை பொருந்தினால் தலையைத் திறக்காமல், வலிப்பு மருந்து கொடுத்து, திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். எத்தனையோ பேர் இரண்டாவது ஸ்கேனுக்குத் தவறாமல் வந்ததால்தான் இப்படி ஒரு அறிவு கிடைத்தது. அதனால் மறு ஸ்கேன் தேதியை விடாதீர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும்.

ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்டால் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த ஸ்கேன் என் சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கு மட்டுமா? ஆராய்ச்சிக்கென்று கூடுதலாக எடுப்பதற்கு நான் பணம் கட்ட வேண்டுமா? பாதியில் வேண்டாம் என்றால் என் சிகிச்சை மாறுமா? கடைசிக் கேள்விக்கு மாறாது என்பதுதான் சரியான பதில். படிக்கத் தெரியாதவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் படித்துச் சொல்ல வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வைத்ததும் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தையே உருவாக்கிவிடலாம், அதனால் வெளியே பகிரும்போது முகப் பகுதியை நீக்குவார்களா என்றும் கேட்கலாம்.

படம் வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. வண்ணம் இல்லாத இடம் வெட்டலாம் என்று அர்த்தமில்லை. கட்டிக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய்கள் சரியாக விரியாமல் போகலாம், அப்போது மூளை வேலை செய்தாலும் படத்தில் தெரியாது. மண்டையைத் திறந்ததும் நீர் வடிந்து மூளை கொஞ்சம் இறங்கும், அதனாலும் வரைபடம் விலகும். இதற்காகத்தான் சிலருக்கு விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, மூளையை லேசான மின்சாரத்தால் தொட்டு, நோயாளியைப் பேசவைத்துப் பார்ப்பார்கள். மான்ட்ரியலில் இந்த முறையை வளர்த்த வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949ல் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார்.

விழித்திருக்கும்போது செய்கிற அந்த ஆபரேஷனில் பொருள்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஒருமுறை பயிற்சியில் வேர்க்கடலைப் படத்தைக் காட்டியதும் ஆரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் "மல்லாட்டை" என்றார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த மாணவர் அதைத் தவறு என்று குறித்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் திருத்த முடிந்தது, ஆபரேஷன் மேஜையில் இது நடந்திருந்தால் பேச்சு தடுமாறுகிறது என்று நினைத்து அந்த இடத்தில் கட்டியை எடுக்காமல் விட்டிருக்கலாம். எனவே முந்தின நாளே எல்லாப் படங்களையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் எதற்கு வேறு பெயர் இருக்கிறதோ அதைச் சொல்லி, படத்துக்குப் பின்னால் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.