பாயான் லெப்பாஸில் வழிகாட்டியைத் தேடுவதும் வழிகாட்டியாக நிற்பதும்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் 1972-இல் அமெரிக்க நிறுவனமான இன்டெல் தன் தொழிற்சாலையை அமைத்த காலத்திலிருந்து, கணினிச் சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் இத்தீவின் முக்கியப் பிழைப்பாகிவிட்டன. இங்குள்ள தொழிற்சாலைகளில் தமிழர்கள் ஆப்பரேட்டர்களாகவும் டெக்னீஷியன்களாகவும் பொறியியலாளர்களாகவும் உழைத்து வருகிறார்கள். ஆனால் அவர்கள் பட்டறிந்தவற்றில் பெரும்பகுதி எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. பதவி உயர்வு எந்த மாதத்தில் முடிவாகிறது, யார் பேசினால் எடுபடும், எந்த வேலையை ஏற்றால் வளரலாம், எதை ஏற்றால் அங்கேயே தேங்கிவிடுவோம் என்பவை ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. இளையவர் கேட்கத் தயங்குவதாலும் மூத்தவரை யாரும் அணுகாததாலும் அந்த அறிவு வீணாகக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

வழிகாட்டியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வாரக் கடைசியில் மூன்று வரி எழுதி வையுங்கள்: என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது. ‘இயந்திரத்தைச் சரிசெய்தேன்’ என்று எழுதுவது போதாது. ‘நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பழுதாகி நின்றுகொண்டிருந்த டெஸ்டர் (சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரம்) இப்போது நாற்பது நிமிடமே நிற்கிறது’ என்று எண்ணோடு எழுத வேண்டும். செய்ததைச் சொல்வது தற்பெருமை என்று நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ‘என் உழைப்பை மேலாளர் அறிவார்’ என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஆண்டு மதிப்பீட்டின்போது மேலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஊழியர்களை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அங்கே உங்கள் மேலாளரின் கையில் உங்களைப் பற்றிய எண் எதுவும் இல்லையென்றால், அவர் நல்லவராக இருந்தும் உங்களுக்குப் பயன் இல்லை. இந்தக் குறிப்புகளை நிறுவனத்தின் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி விவரங்கள் வெளியே போகக் கூடாது.

அடுத்து, யாரை அணுகுவது? உங்கள் நேர் மேலாளர் வேண்டாம். அவர் உங்களை மதிப்பிடுபவர் என்பதால், தெரியாததைத் தெரியாது என்று அவரிடம் முழுமையாகச் சொல்வது கடினம். உங்களைவிட இரண்டு படி மேலே, வேறு பிரிவில் இருப்பவரே பொருத்தமானவர். முதல் வழிகாட்டி தமிழராக இருந்தால் மனம் திறந்து பேச எளிதாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நமக்கு நாமே வேலி போட்டுக்கொள்வதாகும். இரண்டாவது வழிகாட்டி சீனராகவோ மலாய்க்காரராகவோ வெளிநாட்டவராகவோ இருக்கட்டும். நீங்கள் கற்க விரும்பும் வேலையை அவர் செய்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள்.

அணுகும்போது ‘எனக்கு வழிகாட்டுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்கே தெரியாது. இப்படி எழுதலாம்: ‘வணக்கம் அண்ணா. நான் சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பொறியியலாளர் பதவிக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். நீங்களும் டெக்னீஷியனாகத் தொடங்கியவர் என்று அறிந்தேன். பட்டப்படிப்பை முடித்த பிறகு விண்ணப்பிப்பதா, படிக்கும்போதே விண்ணப்பிப்பதா என்பது குறித்து அடுத்த வாரம் அரை மணி நேரம் உங்களிடம் பேச முடியுமா?’ கேள்வி ஒன்று, நேரம் அரை மணி. இதற்கு மறுப்புச் சொல்பவர் மிகக் குறைவு. அவர் சொன்னதை நீங்கள் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று இரண்டு வாரத்தில் திரும்பிச் சொன்னால், அடுத்த சந்திப்பை அவரே கேட்பார்.

மூத்தவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருப்பவரை மாலை நான்கு மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். ஷிப்ட் மாறுவதற்குச் சற்று முன்போ பின்போ கேன்டீனில் சந்தியுங்கள். பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் பாலம் கடந்து வருபவர்களுக்கு அந்த நேரம் எவ்வளவு அரிது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு மாதம் என்று முதலிலேயே எல்லை வகுத்துக்கொண்டால் இருவருக்கும் சங்கடமின்றி முடித்துக்கொள்ள வழி இருக்கும். உங்கள் கதையைச் சொல்வதைவிட அவர் எழுதிய குறிப்பைப் படித்துத் திருத்துவது அதிகப் பயன் தரும். இளையவர் வேறு நிறுவனத்தில் வேலை செய்பவரானால், வாடிக்கையாளர் பெயர், விளைச்சல் விகிதம் (தயாரித்தவற்றில் பழுதின்றித் தேறுபவை எத்தனை என்பது), தயாரிப்பு முறை ஆகியவற்றைப் பேச வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். போட்டி நிறுவனங்கள் ஒரே சாலையில் எதிரெதிரே இருக்கும் இடம் இது. ஆனாலும் நிறுவனங்களும் மாநில அரசும் கல்வித்துறையும் கைகோத்து 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை இங்கேதான் உருவாக்கின. பயிற்சியைப் பகிரலாம், இரகசியத்தைப் பகிரக் கூடாது என்ற எல்லை இவ்வூருக்குப் புதிதன்று.

பயிற்சிச் செலவைப் பற்றியும் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. மனிதவளப் பயிற்சி நிதி குறித்த 2001-ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தின்கீழ், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட முதலாளிகளில் அச்சட்டத்துக்கு உட்பட்டவர்கள், ஊழியர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் செலுத்துகிறார்கள். அத்தொகை ஊழியர் பயிற்சிக்காகவே உள்ளது. எனவே உங்கள் வேலைக்குத் தொடர்புள்ள பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, அது தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். பயிற்சி தொடங்கும் முன் நிறுவனம் அக்கழகத்திடம் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

சமூகப் பணிக்கு வருகிறேன். என் மனம் அதிகம் ஈடுபடுவது இதில்தான். நம் தொழில்நுட்ப ஊழியர்கள் தமிழ்ப்பள்ளிக்குப் புத்தகப்பை வழங்கிப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் தவறில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதை மாறும் இடம் வேறு. ஆறாம் ஆண்டுக்குப் பின் நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிடுகிறார்கள். தமிழாசிரியர்களின் அன்றாடக் கண்காணிப்பு அத்துடன் விலகிவிடுகிறது. மூன்றாம் படிவத்தின் (பள்ளிப் படிப்பின் ஒன்பதாம் ஆண்டு) முடிவில், நான்காம் படிவத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வருகிறது. அப்போது ‘கூடுதல் கணிதம் கடினம், வேண்டாம்’ என்று விட்டுவிடும் பிள்ளைக்குப் பின்னாளில் பொறியியல் படிப்பின் கதவு பெரும்பாலும் குறுகிவிடுகிறது. இதை வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத குடும்பங்கள் பல. அந்த வீட்டுக்குத் தேவை உங்களைப் போன்ற ஒருவர்.

ஆகவே சுங்கை ஆராவோ குளுகோரோ, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் நேரில் கண்டு, எழுத்துவழி அனுமதி பெறுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டுமா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பள்ளியில் படித்து முடித்து இப்போது இரண்டாம், மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோருடன் ஒரு சனிக்கிழமைக் காலை அங்கே அழைக்கச் சொல்லுங்கள். நான்காம் படிவப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் விண்ணப்பத் தாள்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அக்கூட்டம் நடக்க வேண்டும். கூட்டத்தோடு விட்டுவிடாமல், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்கும் குழு ஒன்றையும் அமைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களின் தொண்டு நேரத்துக்கு ஈடாகப் பள்ளிக்கு நன்கொடை வழங்கும் நிறுவனங்களும் இருப்பதால், உங்கள் நிறுவனத்தில் அத்தகைய ஏற்பாடு உண்டா என்று விசாரியுங்கள்.

இப்பணியில் ஆள் திரட்டவும், சிறு தொகைக்குக் கணக்கு வைக்கவும், கருத்து வேறுபடுவோரை இணங்க வைக்கவும் கற்பீர்கள். இவை ஒரு குழுத்தலைவருக்கு வேண்டிய திறன்கள். ஆண்டு மதிப்பீட்டில் இவற்றைக் கூச்சமின்றி எழுதலாம். பெற்றோர் கூட்டத்துக்குப் பேச்சாளர்களை அழைக்கும்போது மேலாளர்களை மட்டும் அழைக்காதீர்கள். பாலிடெக்னிக்கில் படித்து டெக்னீஷியனான ஒருவரும், ஷிப்டில் வேலை செய்துகொண்டே பட்டம் முடித்த பெண் ஒருவரும் கட்டாயம் பேசட்டும். சம்பளம் எவ்வளவில் தொடங்கியது, படிப்புக் கடனை எப்படி அடைத்தோம் என்பதைத்தான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். அதற்குப் பேச்சாளர்கள் வெளிப்படையாகப் பதில் சொல்லத் தயாராக வரட்டும்.