விண்வெளி வீரரின் கையுறையை வரைவது எப்படி

விண்வெளி வீரரை வரைகிறவர்கள் தலைக்கவசத்தின் பளபளப்புக்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கையுறைக்கு வரும்போது ஐந்து தடித்த விரல்களை ஒட்டவைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நான் கையிலிருந்துதான் தொடங்குவேன்.

எந்தப் பயணம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்கா முதன்முதலில் மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பிய மெர்குரி திட்டத்தின் வீரர்களுடைய கையுறையில் விரல்கள் கட்டுப்பாட்டுப் பிடியைப் பற்ற வசதியாக வளைந்திருக்கும். நடுவிரல் மட்டும் நேராக நிற்கும், பொத்தானை அழுத்துவதற்கு. 1962இல் பூமியைச் சுற்றிய ஜான் கிளென் என்றால் விரல்நுனியில் குட்டி விளக்குகளும் வேண்டும். கருவிகளையும் குறிப்புகளையும் படிக்க வைத்தவை அவை.

அப்புறம் வளைவு. பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்களின் உடைக்குள் சதுர அங்குலத்துக்கு சுமார் 3.7 பவுண்டு அழுத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். விரலை மடக்கினால் உள்ளே இடம் குறையும், வாயு எதிர்த்துத் தள்ளும். பிடியைத் தளர்த்தியதும் கையுறை தன் பழைய வடிவத்துக்கே போய்விடும். ஆகவே இறுக்கிய முஷ்டி வேண்டாம். பாதி மூடிய கைதான் இயல்பு. உள்ளங்கை உப்பாமல் இருக்கக் குறுக்கே ஒரு தடுப்புப் பட்டை ஓடும். அதைப் போட்டால்தான் கைக்குள் அழுத்தம் இருப்பது தெரியும்.

1965 மார்ச்சில் சோவியத் வீரர் லியோனவ் முதல் ஆளாகக் கலத்துக்கு வெளியே விண்வெளியில் மிதந்தபோது உடை உப்பி, அவருடைய விரல்கள் கையுறையின் நுனியிலிருந்து விலகிப்போயின. அவரை வரைவதானால் நுனிகளை வெறுமையாக, விறைப்பாகக் காட்டுங்கள். முகத்தைவிட அது நன்றாகக் கதை சொல்லும்.

நிலவுக் கையுறை தனி. ஒவ்வொரு வீரரின் கையையும் அச்செடுத்துச் செய்தது. வெளியே உலோக இழை நெய்த துணி, விரல்நுனியில் நீலச் சிலிகோன் ரப்பர். மணிக்கட்டு வளையம் வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு நீலம். ஆனால் நிலவில் நிற்கும்போது நீண்ட மேலுறை அதை மூடிவிடும், ஆசைப்பட்டு வரைந்துவிடாதீர்கள். அப்பல்லோ 11 என்றால் இடது மேலுறையில் தைத்த வேலைப் பட்டியலைச் சில சின்னக் கோடுகளாகக் காட்டலாம்.

வண்ணம் காய்ந்த பிறகு மென்மையான பென்சிலால் விரல்களிலும் உள்ளங்கையிலும் சாம்பல் தூசியைத் தேய்த்துவிடுங்கள். நிலவுத் தூசி எல்லாவற்றிலும் ஒட்டியது. வெள்ளை வெளேரென்ற கையுறை, இன்னும் ஏணியில் இறங்காதவருக்குத்தான் பொருந்தும்.