ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறீங்களா, முதல்ல ஃபேனை ஆஃப் பண்ணுங்க

குடியாத்தத்துல எங்க ஆயா பீடி சுத்துவாங்க. நனைச்ச இலை மேல தகரத் தகட வச்சு கத்தரியால சுத்தி நறுக் நறுக்னு வெட்டுவாங்க, அந்த சத்தத்துலயே தூங்கி வளந்தவன் நான், படம் எடுக்கணும்னு தோணுனதே அதனாலதான். ஆனா ஸ்கிரிப்ட் எழுத எழுத வட்டிக்காரன் வந்தான், லவ் வந்துச்சு, கடைசில ஒரு ட்விஸ்ட்டும் வந்துச்சு, கத்தரி மட்டும் ரெண்டு வரில நின்னுபோச்சு. நிறைய பேரோட படம் இங்கதான் கெடுது. எது உங்கள எழுத உட்கார வச்சுதோ அத ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டிட்டு, அதுக்கு உதவாத சீன எல்லாம் மனச கல்லாக்கிக்கினு தூக்கிடுங்க. நான் அப்படித்தான் 22 பக்கத்த 9 பக்கமாக்குனேன்.

அடுத்தது சவுண்டு, இதுல யாரும் அசால்ட்டா இருக்காதீங்க. மே மாசம், கத்திரி வெயில், வேலூர் பக்கத்து வெயில் உங்களுக்கே தெரியும், ஃபேன் போட்டுட்டோம். "இன்னாடா, ஃபேன் போட்டா தூளு பறக்கும்டா"ன்னு ஆயா சொன்னாங்க, நாங்க கேக்கல. எடிட்ல பாத்தா ஃபேன் உறுமல்தான் கீது, கத்தரியக் காணோம். மொபைல் மைக்க நம்பாம தனி மைக் வைங்க, ஒவ்வொரு எடத்துலயும் யாரும் பேசாம முப்பது செகண்டு வெறும் அறை சத்தத்த பதிவு பண்ணிக்குங்க, எடிட்ல ஒட்டுப்போட அதுதான் கை கொடுக்கும். பக்கத்து வீட்டு டிவில சினிமா பாட்டு ஓடுனா நிறுத்தச் சொல்லிக் கேளுங்க, ரைட்ஸ் பிரச்சனை வரும், வசனத்துலருந்து பிரிக்கவும் முடியாது.

ட்யூப்லைட் வெளிச்சத்துல படம் மினுக்கு மினுக்குன்னு வருதா? நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அதனால செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்தாலும் ஷட்டர் ஸ்பீட 1/50 செகண்டுல வைங்க. வேலூர் கோட்டைல நம்ம ஊரு கோட்டைதானேன்னு கேமராவோட நுழையாதீங்க, தொல்லியல் துறை பாதுகாக்குற எடம், அனுமதி வாங்கணும். காட்பாடி ஜங்ஷன்னா ரயில்வே அனுமதி.

எடிட்ட லாக் பண்றதுக்கு, அதாவது இனி மாத்த மாட்டோம்னு முடிக்கிறதுக்கு முன்னாடி, எந்த வேலையப் பத்தி எடுக்குறீங்களோ அந்த வேலை செய்றவங்ககிட்ட போட்டுக் காட்டுங்க. ஃபேனால காணாமப்போன கத்தரி சத்தத்துக்குப் பதிலா நாங்க ரூம்ல காஞ்ச இலைய வெட்டி ரெக்கார்ட் பண்ணி சேத்திருந்தோம், ஆயா கேட்டதுமே "இது காஞ்ச இலைடா, நனைச்சது இப்படி நொறுங்காது"ன்னுட்டாங்க. மறுநாள் காலைலயே குடியாத்தம் போயி, ஃபேன ஆஃப் பண்ணி, மைக்க முறத்துக்குப் பின்னாடி மறைச்சு வச்சு, ஆயா ஒரு கட்டு இலை வெட்டி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாம உட்காந்திருந்தோம்.